வீட்டில் பட்டம் வாங்கியவர் உண்டா?

இடவப்பாதி என்று நாங்கள் சொல்கிற ஜூன் மழை தொடங்கிவிட்டால் எனக்கு இன்னும் கால் வலிக்கிறது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றாயிற்று, சைக்கிளையும் விற்றாயிற்று. ஆனாலும் ஜூன் மாதக் காலையில் கண் விழிக்கும்போது, இன்றைக்கு எந்த வீட்டுக்கு விசாரணைக்குப் போகவேண்டும் என்ற நினைப்போடுதான் விழிக்கிறேன். ஒரு வீட்டுக்கும் போகவேண்டாம் என்பது பிறகுதான் உறைக்கும். முழங்காலில் நிற்க முடியாததால் கட்டிலில் உட்கார்ந்தபடியே ஜெபம் பண்ணிவிட்டு அடுப்படிக்குப் போவேன்.

நான் தலையாரியாக இருந்தவள். கிராம உதவியாளர் என்று எழுதவேண்டும். ஊரில் எல்லாருக்கும் நான் தலையாரி அக்காதான். மார்த்தாண்டத்துக்கு மேற்கே ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் உள்ள ஒரு கிராமத்தின் வில்லேஜ் ஆபீசில் என் வேலைக்காலம் முழுவதும் போயிற்று. இப்போது அந்த இடத்தில் இருக்கிற பெண் எங்கள் சபையைச் சேர்ந்தவள்தான். போன ஞாயிறு ஆராதனை முடிந்து நிற்கும்போது பேச்சுவாக்கில் சொன்னாள், கல்லூரிச் சலுகை சர்டிபிகேட்டுக்கெல்லாம் இப்போது வீடு வீடாகப் போவதில்லை, போனிலேயே கேட்டு முடித்துவிடுகிறோம் என்று. நல்லதுதான், அவளுக்குக் கால் மிச்சம். ஆனால் வீட்டுக்கு வந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. சபைப் பத்திரிகைக்கு வேலை அனுபவத்தை எழுதித் தரும்படி போதகர் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். எழுத என்ன இருக்கிறது என்று தள்ளிப்போட்டிருந்தேன். அந்தப் பெண் சொன்னதைக் கேட்டபிறகு ஒன்று இருக்கிறது என்று தோன்றியது.

நான் பத்தாம் வகுப்பு தோற்றவள். வேலைக்கு எடுத்தபோது என்னிடம் இரண்டு காரியம்தான் கேட்டார்கள். தாலுகா ஆபீஸ் முற்றத்தில் சைக்கிள் ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். ஒரு தாளைக் கொடுத்து உரக்க வாசிக்கச் சொன்னார்கள். இரண்டையும் செய்தேன். அதற்குப் பிறகு இத்தனை வருடமும் நான் செய்ததும் அந்த இரண்டுதான். சைக்கிள் மிதித்தேன், எழுதியதை வாசித்தேன்.

வில்லேஜ் ஆபீசர்கள் பலர் வந்தார்கள், போனார்கள். தாணு சார் மட்டும் அதிக காலம் இருந்தார். சுசீந்திரத்துக்காரர். விடியுமுன்னே குளித்து, நீறு பூசி, வடசேரி வந்து பஸ் மாறி எங்கள் ஊர் வருவார். செருப்பை வெளியே விட்டுத்தான் ஆபீசுக்குள் நுழைவார். தோளில் கிடக்கிற துண்டால் மேசையைத் தானே துடைப்பார், நான் துடைத்து வைத்திருந்தாலும் துடைப்பார். அதிகம் பேசமாட்டார். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஆனால் அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தால், வந்தவர் தன் பொய்யைப் பாதியிலேயே நிறுத்திவிடுவார்.

முதல் பட்டதாரிச் சலுகை என்று ஒன்று வந்த காலம் அது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு குடும்பத்தில் தாய் தகப்பன், தாத்தா பாட்டி, கூடப்பிறந்தவர்கள் யாருமே பட்டம் வாங்கியிருக்கக் கூடாது. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை கலந்தாய்வு வழியாக என்ஜினீயரிங் மாதிரிப் படிப்புக்குப் போனால், படிப்புக் கட்டணத்தில் அரசு சலுகை தரும். அதற்குத் தாசில்தார் சர்டிபிகேட் வேண்டும். மனு அங்கிருந்து எங்களிடம் விசாரணைக்கு வரும். நல்ல திட்டம். எத்தனையோ ரப்பர் பால்வெட்டுக்காரர் பிள்ளைகளும் கொத்தனார் பிள்ளைகளும் அதனால் படித்தார்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

ஆனால் சலுகை எந்தப் படிப்புக்கு உண்டோ அந்தப் படிப்பின்மேல்தான் பிள்ளைக்கு ஆசை என்று வீட்டார் முடிவு செய்துவிடுவார்கள். பக்கத்தில் இருக்கிற கல்லூரியில் தமிழோ வரலாறோ படிக்கவேண்டும் என்று நின்ற பிள்ளையை, சலுகை உண்டு என்கிற ஒரே காரணத்துக்காக ஊர் பேர் தெரியாத தூரத்தில் கொண்டு சேர்ப்பார்கள். சேர்த்த அடுத்த வருடமே அதில் சிலர் டி.சி. வாங்கித் திரும்பி வந்துவிடுவார்கள். வருமானச் சான்றிதழ் கேட்டு மறுபடியும் நம் ஆபீஸ் வாசலில் நிற்பார்கள். தாணு சார் அவர்களிடம் ஒன்றும் கேட்கமாட்டார். எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்.

விசாரணைக்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். மனு கொடுத்தவர் வீட்டுக்குள் போகமாட்டார். போனால் நாற்காலி போடுவார்கள், நாற்காலியில் இருந்தால் காப்பி வரும், காப்பி குடித்தால் கேள்வி குழைந்துவிடும் என்பார். முற்றத்தில் நிற்பார். முதலில் அக்கம்பக்கத்தில் கேட்பார், அதிலும் அந்த வீட்டோடு வேலித்தகராறு உள்ள வீடாகப் பார்த்துக் கேட்பார். கடைசியில் வீட்டு முற்றத்துக்கு வந்து, அடுப்படிவரைக்கும் கேட்கிற சத்தத்தில், "இந்த வீட்டுல பட்டம் வாங்கினவிய உண்டுமா?" என்று ஒரே ஒருதடவை கேட்பார். பிறகு வாயை மூடிக்கொண்டு நிற்பார். முன்வாசலில் நிற்கிற ஆம்பிளை என்ன சொன்னாலும் தலையாட்டமாட்டார். உள்ளே இருந்து ஒரு சத்தம் வருகிறதா என்று காத்திருப்பார். எதற்கு சார் இப்படி என்று ஒருநாள் கேட்டேன். முன்வாசல்ல நிக்கவன் என்ன வேணும்னு பாத்து சொல்லுவான், உள்ள இருக்கவளுக்குத்தான் என்ன நடந்ததுன்னு தெரியும் என்றார். வாக்குமூலத்தை மரத்தடியில் வைத்து எழுதுவார். எழுதியதும் என்னிடம் நீட்டுவார். வீட்டார் எல்லாரும் கேட்க நான் உரக்க வாசிக்கவேண்டும். வாசித்த பிறகுதான் கையெழுத்து.

ஒரு வீட்டில் நடந்தது நினைவுக்கு வந்தால் இன்றும் சிரிப்பு வரும். ஜூன் மாதத்தில் வாசல் கேட்டுத்தூணில் கிறிஸ்துமஸ் ஸ்டார் தொங்குகிறது, மழையில் நனைந்து சாயம் வடிகிறது. தாணு சார் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தங்கபாய், ஒங்க ஆளுகளுக்கு இந்த வருசம் பெருநாளு முந்தி வந்துட்டா?"

நான் வாயைத் திறக்குமுன் வேலிக்கு அப்புறம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்பிள்ளை சொன்னாள். "அதுக்க உள்ள மூத்தவனுக்க பி.காம். கிடக்கு சாரே. மார்பிள்ல வெட்டி வச்சிருக்காவ. மழ நனையாம இருக்கட்டுன்னு ஸ்டாரு போட்டு மூடியிருக்காவளாக்கும்."

இந்தப் பக்கத்தில் பிள்ளை பட்டம் வாங்கினால் கேட்டுத்தூணில் பேரோடு சேர்த்துக் கல்லில் வெட்டிவைப்பது வழக்கம். மூத்தவன் பெருமைக்கு வெட்டிய கல்லே இளையவன் சலுகைக்கு இடைஞ்சலாகிவிட்டது. தாணு சார் அந்த வீட்டுக்காரரைத் திட்டவில்லை. சாயம் சட்டையில் படாமல் ஒதுங்கி நின்று எழுதினார்.

சிரிப்பு வராத ஒரு வீடும் உண்டு.

செல்வராஜ் எங்கள் சபைக்காரன், என்னைவிட இளையவன். ரப்பர் பால்வெட்டு வேலை. அவன் பெண்டாட்டி முந்திரி ஆலைக்குப் போவாள். மூன்று பிள்ளைகள். மூத்தவள் ஷைனி, அடுத்தவன் அஜின், கடைசியாக ஒரு பொடிக்குட்டி பென்சி. ஷைனி அரசுப் பள்ளியில் பிளஸ் டூ எழுதி நல்ல மார்க் வாங்கியிருந்தாள். கணக்கென்றால் அவளுக்கு உயிர். ஞாயிறு பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு வசனம் சொல்லிக்கொடுக்கப் போனால்கூட, புளியங்கொட்டை வைத்துக் கூட்டல் கழித்தல் சொல்லிக்கொடுத்துவிட்டு வருவாள். மார்த்தாண்டத்தில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. கணக்குக்கு அவளுக்கு இடமும் கிடைத்துவிட்டது.

அந்தச் சமயத்தில் செல்வராஜ் ஆபீசுக்கு வந்தான். உடம்பெல்லாம் ரப்பர் ஒட்டுப்பால் வாடை. தாணு சார் முன்னால் நின்று தலையைச் சொறிந்தான். இவள் பட்டம் வாங்கிவிட்டால், நாலு வருடம் கழித்துப் பையன் என்ஜினீயரிங் சேரும்போது அவனுக்கு முதல் பட்டதாரி சர்டிபிகேட் கிடைக்குமா என்று கேட்டான்.

கிடைக்காது என்றார் தாணு சார். சட்டம் அதுதான்.

டிப்ளமோ படித்தால்?

அது பட்டத்தில் சேராது என்றார்.

"அப்போ செரி," என்றான் செல்வராஜ். பிறகு என் பக்கம் திரும்பினான். "அக்கா, ஒரு வீட்டுக்கு ஒண்ணுதானே தாறாவ. அத பொட்டப்பிள்ள தலையில உடச்சிட்டா பயலுக்கு நான் என்னத்த செய்யதுக்கு?"

அந்தச் சலுகை ஷைனிக்கு எந்த விதத்திலும் வேண்டாம். அவள் கேட்ட படிப்புக்கு அதில் பங்கும் இல்லை. அவள் படித்து முடித்தால் தம்பியுடையது போய்விடும், அவ்வளவுதான் காரியம். மகளைச் சித்திரவதை செய்கிற தகப்பனில்லை அவன். மூன்று பிள்ளைகளுக்கும் காய்ச்சல் வந்தால் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன். இருந்தும் அந்த வாரமே பி.எஸ்சி. இடத்தை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பெண்ணை ஒரு பாலிடெக்னிக்கில் சேர்த்தான். என் வேலையில் அப்படி எத்தனையோ பார்த்தாயிற்று. பையனுக்காகச் சலுகையைப் பாதுகாத்து வைப்பது ஊர் வழக்கமாகவே ஆகிப்போயிருந்தது. பெண்பிள்ளைகள் டிப்ளமோவுக்கோ தையலுக்கோ போவார்கள், சிலர் சும்மா வீட்டில் இருப்பார்கள். யாரும் அதைத் தப்பு என்று நினைக்கவில்லை. அந்தப் பிள்ளைகளும் வாய் திறந்து கேட்டதில்லை.

ஷைனி பாலிடெக்னிக்குக்குப் போகிற பஸ் எங்கள் ஆபீஸ் முன்னால்தான் நிற்கும். ஒருநாள் உள்ளே வந்தாள்.

"மாமி, எனக்கு ஒரு பார்சல் வரும். இந்த ஆபீசு விலாசம் குடுக்கட்டா? வாங்கி வைப்பியளா?"

என்ன பார்சல் என்றேன். புத்தகம் என்றாள். தபால் வழியில் கணக்கில் பட்டப்படிப்புக்குச் சேர்ந்திருக்கிறாள். விடுமுறைகளில் ஒரு துணிக்கடையில் நின்று அதற்குப் பணம் கட்டியிருக்கிறாள். அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன்.

"தெரியும்போ தெரியட்டு மாமி," என்றாள்.

வாங்கி வைத்தேன். பட்டா ரெஜிஸ்டர்கள் இருக்கிற அலமாரியின் கீழ்த்தட்டில் அவள் புத்தகங்கள் இருந்தன. போகும்போது ஒன்றை எடுப்பாள், வரும்போது ஒன்றை வைப்பாள். தாணு சார் ஒருநாள் எதையோ தேடி அந்தத் தட்டைத் திறந்துவிட்டார். ஒரு புத்தகத்தை எடுத்துப் புரட்டினார், முதல் பக்கத்தில் இருந்த பேரைப் பார்த்தார். "கணக்கு," என்றார். "வில்லேஜ் ஆபீசுக்கு வேண்டியதுதான்." இருந்த இடத்திலேயே வைத்து அலமாரியை மூடினார்.

வருடங்கள் ஓடின. ஷைனி டிப்ளமோ முடித்து மார்த்தாண்டத்தில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். அஜின் பிளஸ் டூ முடித்தான். ஒரு ஜூன் மாதக் காலையில் தாலுகாவிலிருந்து வந்த மனுக்கட்டில் செல்வராஜ் மகன் அஜின் என்ற பேர் இருந்தது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொல்லி அழுதேன். அந்தப் பிள்ளை பட்டம் வாங்கிவிட்டது எனக்குத் தெரியும். ரிசல்ட் வந்த அன்று ஆபீஸ் வாசலில் வைத்து என் கையைப் பிடித்துச் சொன்னவள் அவள்தான். இல்லை என்று எழுதினால் பொய். உண்டு என்று சொன்னால் ஒரு பையனின் படிப்பு. அவர் தன் டீக்கடைக் கணக்கைப் போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "நீ சொல்லாட்டா அந்தப் பிள்ள படிச்சது படிக்காததா ஆயிருமா?" என்றார். ஆறுதலாக இல்லை. இரவு ஜெபத்தில், நாளைக்கு ஒரு காய்ச்சலாவது தாரும் ஆண்டவரே என்று கேட்டேன். தரவில்லை.

மழை விட்டு விட்டுப் பெய்தது. செல்வராஜ் வீட்டுக்கு ஒற்றையடிப் பாதை, தாணு சார் குடையும் நான் சைக்கிளுமாகப் போனோம். மழையில் பால்வெட்டு இல்லாததால் செல்வராஜ் வீட்டில்தான் இருந்தான். புதுச் சட்டை போட்டிருந்தான். அஜின் பலா மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான், மீசை அரும்பத் தொடங்கியிருந்தது. பென்சி ரப்பர் விதைகளைக் கூட்டிவைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். தாயும் ஷைனியும் உள்ளே அடுப்படியில். அக்கம்பக்கத்தில் கேட்டாயிற்று, யாருக்கும் எதுவும் தெரியவில்லை. அந்த வீட்டில் பட்டம் வாங்கியவர் இல்லை என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். ஒருத்தர்கூட பொய் சொல்லவில்லை.

தாணு சார் முற்றத்தில் நின்று, எப்போதும்போல அடுப்படிவரைக்கும் கேட்கிற சத்தத்தில் கேட்டார்.

"இந்த வீட்டுல பட்டம் வாங்கினவிய உண்டுமா?"

"யாரும் இல்ல சாரே," என்றான் செல்வராஜ்.

தாணு சார் தலையாட்டவில்லை. பேனாவைத் திறக்கவும் இல்லை. ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நான் சொல்லவேண்டுமா, இல்லையென்றால் இந்தப் பொய்யை நான் வாசிக்கவேண்டுமா என்று சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அடுப்படி வாசலில் ஷைனி வந்து நின்றாள். கையில் மாவு.

"உண்டு சார்," என்றாள். "நான்."

செல்வராஜுக்கு முதலில் விளங்கவில்லை. "ஏட்டி, நீ டிப்ளமோ இல்லா?"

"அதுவும் படிச்சேன். கணக்கும் படிச்சேன். தபால்ல. ரிசல்ட் வந்தாச்சு அப்பா."

அவன் மகளைப் பார்த்தான், மகனைப் பார்த்தான். அவன் கையை ஓங்கவில்லை, அதை நான் சாட்சியாகச் சொல்வேன். சத்தம்கூட எழவில்லை. "இவனுக்க காரியம் என்னாகும்னு நெனச்சியா?" என்று மட்டும் கேட்டான்.

"நெனச்சேன். எனக்க சம்பளத்துல அவனுக்கு நான் கட்டுகேன். எத்தன வருசம்னாலும் கட்டுகேன். ஆனா நான் படிக்கலன்னு எனக்க வாயால சொல்ல முடியாதுப்பா."

பொட்டப்பிள்ளை காசில் பையனைப் படிக்கவைக்கிற கேடு எனக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டுச் செல்வராஜ் மழையில் இறங்கித் தோட்டத்துப் பக்கம் போய்விட்டான். தாய் சேலையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அஜின் மரத்தை விட்டு நகரவில்லை. தாணு சார் எழுதினார். தபாலில் வாங்கினாலும் பட்டம் பட்டம்தான் என்று ஷைனியிடம் மெதுவாகச் சொன்னார், அது ஆறுதலா தீர்ப்பா என்று எனக்குத் தெரியவில்லை. நான் வாசித்தேன். "மனுதாரரின் மூத்த சகோதரி இளங்கலைப் பட்டம் பெற்றவர்" என்ற இடம் வந்தபோது தாளிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தேன். அவள் தலையைக் குனியவில்லை.

திரும்பி வருகிற வழியில் கேட்டேன். சாருக்கும் தெரியும்தானே, அலமாரியில் பார்த்தீர்களே, நேராகவே எழுதியிருக்கலாமே என்றேன். வீட்டார் வாயால் வருவதற்குப் பேர்தான் விசாரணை என்றார். கொஞ்சதூரம் போய் மறுபடியும் கேட்டேன். அந்தப் பிள்ளை வெளியே வராமலே இருந்திருந்தால் என்ன எழுதியிருப்பீர்கள்?

அவர் குடையை மாற்றிப் பிடித்தார். "எழுதுகதுதான் நான். வாசிக்கது நீயாக்கும்," என்றார்.

இன்றுவரைக்கும் அந்தப் பதிலை என்னால் இறக்கிவைக்க முடியவில்லை. வாசித்திருப்பேனா? எங்கள் சபையில் மறுதலித்தல் என்று ஒரு வார்த்தை உண்டு, அறிந்தவரையே அறியேன் என்று சொல்வது. அதை நான் செய்யாமல் அந்தப் பிள்ளை என்னைக் காப்பாற்றினாள் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன்.

நல்லபடியாக முடிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி முடியவில்லை. சலுகை இல்லாமல் என்ஜினீயரிங் அவர்களுக்கு எட்டவில்லை. அக்காள் கொடுக்க வந்ததைத் தகப்பன் வாங்கவில்லை. அஜினும் பாலிடெக்னிக் போனான், பிறகு கல்ஃபுக்குப் போய்விட்டான், அங்கே ஏ.சி. மெக்கானிக்காக இருக்கிறான். வெகுகாலம் அக்காளோடு பேசவில்லை. அவளுக்குப் பிள்ளை பிறந்தபோதுதான் முதல் போன் வந்ததாம். ஷைனி பி.எட். முடித்து வடசேரி பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஞாயிறு சபைக்கு வருவாள். செல்வராஜ் தூண் மறைக்கிற இடமாகப் பார்த்து உட்காருவான், அவள் முகம் தெரியாதபடி. வருடக்கணக்காக அப்படி. ஒரே பாட்டைத்தான் இரண்டுபேரும் பாடினார்கள். நான் நடுவில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அலுத்துப்போகும்.

தாணு சாரும் ஓய்வு பெற்றுச் சுசீந்திரத்தோடு இருந்துவிட்டார். நானும் சைக்கிளை விற்றேன்.

நேற்று இதை எழுதிக்கொண்டிருக்கும்போது வாசலில் செல்வராஜ் வந்து நின்றான். தலை முழுக்க நரைத்துவிட்டது. அந்த விசாரணைக்குப் பிறகு என் வீட்டுப்படி ஏறாதவன். கடைக்குட்டி பென்சி பிளஸ் டூ முடித்துவிட்டாளாம், கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள், சாதிச் சான்றிதழ் புதிதாக எடுக்க எங்கே போகவேண்டும் என்று கேட்டான். இ-சேவை மையத்தைச் சொன்னேன். என்ன படிக்கப்போகிறாள் என்று கேட்டேன்.

"அக்காகாரி படிச்சதுதான். கணக்கு. எடுக்கட்டுன்னு சொல்லிட்டேன். இனி யாருக்கு அக்கா எடுத்து வைக்கதுக்கு? ஒண்ணும் மிச்சமில்லியே."

கோபமாகச் சொல்லவில்லை. காப்பி போட்டுக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தான்.

"மூத்தவதான் வந்திருந்து அப்ளிகேசன் எல்லாம் போன்ல எழுதினா," என்றான். "அதுலயும் அந்தக் கேள்வி வருதக்கா. வீட்டுல பட்டம் வாங்கினவிய உண்டுமான்னு. அவ எழுதாம எனக்க மூஞ்சிய பாத்துக்கிட்டு இருக்கா."

"நீ என்ன சொன்ன?"

"உண்டுன்னு போடச் சொன்னேன்."

மீதிக் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து போனான்.